பட்டாணி உரிப்பவளும் வாசலில் நின்ற ஆளும்

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறை லைற்றை அணைத்தேன். கணவர் அதிகாலை ஷிப்ட்டுக்குப் புறப்படும்போது எரியவிட்டுப் போனது. வழக்கமாக அது அப்படியே எரியும். தை மாதத்து லண்டன் காலையில் லைற் இல்லாமல் தேநீர் வைப்பது சிரமம். இன்று அணைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே உள்ள யன்னலால் மட்டும் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் பானைகளுக்கு வயிறு வந்தது. கேத்திலின் ஒரு பக்கம் வெளுத்தது. மேசையில் கிடந்த, நீர் எழுதிய இரண்டு கொப்பிகளின் ஓரமாக மெல்லிய நிழல் விழுந்தது.

"லைற்றை ஒருக்கா நூரும். அதுக்குப் பிறகுதான் எல்லாம் தெரியும்" என்பீர். அணைப்பதற்கு நூர்ப்பது என்ற சொல்லை அம்மாவுக்குப் பிறகு உம்மிடம்தான் கேட்டேன்.

அந்தக் கொப்பிகள் என் கைக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. அவற்றைப் பற்றி எழுதுவதற்கு முன் மற்றதை எழுதிவிட வேண்டும். பாதி உமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்தை நான் உமக்கு ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை.

நாங்கள் முதன்முதல் பேசிக்கொண்டது சண்டையில். எங்கள் ஓவியக் காட்சியகம் பெரியதல்ல; ஒரு காலத்தில் யாரோ வணிகர் குடும்பத்தோடு வாழ்ந்த மூன்று மாடி வீடு. மேல்மாடியில் நான்காம் அறை. அங்கே தொங்குபவை எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வீட்டுக் காட்சிகள். தொட்டிலருகே கண்ணயர்ந்த தாய், கடிதம் வாசிக்கும் வேலைக்காரப் பெண், சூடான கஞ்சியை ஊதும் பிள்ளை, பட்டாணி உரிக்கும் பெண். வருபவர்கள் அதிகம் நிற்காத அறை. அதன் காப்பாளர் நீர். கொண்டையும் கறுப்புக் கோட்டும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக மூலைக் கதிரையில் இருப்பீர். நான் கீழே, நிலவறை ஸ்டூடியோவில், பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பவள்.

அன்று மூன்று மணிக்கு மேல் நான் அந்த அறைக்குள் வந்தபோது லைற்றுகள் அணைந்திருந்தன. மேற்கு யன்னலின் திரை இறக்கப்படவில்லை. மாரிக்காலக் குளிர் வெயில் தாழ்ந்து வந்து சுவரை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. படங்களில் வெயில் படக்கூடாது, மூன்றுக்குள் திரை இறங்கிவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். நான் ஆங்கிலத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். நீர் எழுந்து திரையை இறக்கிக்கொண்டே, எனக்கு விளங்காது என்ற துணிவில் முணுமுணுத்தீர்.

"அஞ்சு நிமிஷ வெயில் பட்டா இவையின்ரை படத்துக்குக் காய்ச்சலே வரப்போகுது?"

"காய்ச்சல் வராது. வெடிப்பு வரும்" என்றேன் தமிழில்.

திரைக் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பினீர். "ஐயோ, நீங்கள் எங்கட ஆளே? முகத்தைப் பாத்தா ஸ்பானிஷ்காரி மாதிரியெல்லோ கிடக்கு!"

"எட்மண்டன்காரி. வடக்கு லண்டன்."

"அதுக்கு முதல்?"

"யாழ்ப்பாணம், கோண்டாவில். ஒன்பது வயசு மட்டும்."

"அப்ப வெயிலைப் பற்றி எனக்குப் படிப்பிக்காதையுங்கோ" என்றீர்.

அதே கிழமை தேநீர் இடைவேளையில் வயதைக் கேட்டு, நீர் என்னைவிட ஏழு மாதம் மூப்பு என்று கண்டுபிடித்து, அந்த நிமிடமே 'நீங்கள்' என்பதை 'நீர்' ஆக்கிவிட்டீர். நானும் அப்படியே தொடர்ந்தேன். இன்றைக்கும் என்னால் உம்மை வேறு விதமாகக் கூப்பிட முடியாது.

என் வேலையை விளக்கியபோது நீர் அதிகம் மதிப்புக் கொடுக்கவில்லை. "ஆரோ கீறின படத்தை நீர் தோய்க்கிறீர். அவ்வளவுதானே?" என்றீர். வரைவது உமக்குக் கீறுவது, கழுவுவது தோய்ப்பது. பிறகு மற்றக் காப்பாளர்களிடமும் என்னை 'படம் தோய்க்கிறவ' என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிமுகப்படுத்தினீர். ஊரில் தபாற் கந்தோரில் வேலை செய்தவர் நீர். இங்கே வந்து சுப்பர்மார்க்கெட்டில் சில வருடம் நின்று, முழங்கால் நோவால் கதிரை உள்ள வேலையைத் தேடி வந்ததாகச் சொன்னீர். ஓவியத்தில் ஆர்வமா என்று கேட்டேன். "ஓம். இருந்து பாக்கிற வேலை எண்டபடியாலை ஆர்வம்" என்றீர்.

ஆனால் நீர் பார்த்தது போல அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் பார்த்ததில்லை. நாங்கள் படித்தவர்கள் ஒரு படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றாலே பெரிய விஷயம். நீர் எட்டு வருடம், கிழமைக்கு ஐந்து நாள், அதே பதினான்கு படங்களோடு இருந்தீர். மூன்று மணிக்கு அறையில் யாரும் இல்லாவிட்டால் லைற்றை அணைத்துவிட்டு, திரையை இறக்குவதற்கு முன் ஐந்து பத்து நிமிடம் அந்த யன்னல் வெயிலை உள்ளே விடுவீர். "இதுகளைக் கீறேக்கை லைற் இருந்ததே? யன்னல்தானே இருந்தது" என்பது உம்முடைய வாதம். நான் மேலிடத்தில் சொல்லாமல் இருந்தேன்.

பட்டாணி உரிக்கும் பெண்ணை வரைந்தவர் பெயர் தெரியாது. இடது பக்கத்தில் ஒரு யன்னல். அவள் நெற்றியிலும் கைகளிலும் மடியிலுள்ள வெள்ளைப் பாத்திரத்திலும் வெளிச்சம். மற்றதெல்லாம் பழுப்பு. பெருவிரல் பட்டாணித் தோலுக்குள் நுழைந்தபடி நிற்கிறது. முகம் சற்று வலப்பக்கம் நிமிர்ந்திருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு கதவு நிலையின் துண்டு, கீழே கல் பதித்த தரை. பக்கத்தில் நாங்கள் ஒட்டியிருந்த குறிப்பு, வேலையின் நடுவே ஒரு கண ஓய்வு என்று சொன்னது.

"ஓய்வாம்!" என்று சிரித்தீர். "வாசல்ல ஆள் வந்து நிக்குது. அதுதான் அவ உரிக்கிறதை நிப்பாட்டினவ."

"எந்த ஆள்?"

"உந்த லைற்றிலை தெரியாது. மூண்டு மணிக்கு வாரும், காட்டிறன். தரையிலை நிழல் விழுந்திருக்கு."

நான் மூன்று மணிக்கு வரவில்லை. அந்தக் கிழமையும் வரவில்லை, அந்த வருடமும் வரவில்லை. மூன்று மணி எனக்கு எப்போதும் வேலை நேரம். ஆனால் அந்த ஆளைப் பற்றிய செய்திகள் மட்டும் ஒழுங்காக வந்தன. "இண்டைக்கு முகில். எங்கட ஆள் லீவு" என்பீர். "இண்டைக்கு நல்லா நிண்டவர்" என்பீர். நாள் முழுதும் கதிரையில் இருப்பவர் பொழுதுபோகக் கட்டிய கதை என்று எடுத்துக்கொண்டேன்.

வாசல் நிழலை எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர் என்று ஒருமுறை கேட்டேன். அந்தக் கேள்வியில் நான் யுத்த காலத்துப் பதில் ஒன்றை எதிர்பார்த்தேன் என்பதையும் நீர் கண்டுபிடித்துவிட்டீர். "ஆமிக்காரன் வந்து நிண்ட கதையெண்டு நினையாதையும். எங்கட குசினி மேற்கைப் பாத்தது. பின்னேரம் ஆர் வந்தாலும் ஆளுக்கு முதல் நிழல் உள்ளுக்கை வந்திடும். அம்மா நிழலைப் பாத்துத்தான் எத்தினை கோப்பை தேத்தண்ணி எண்டு முடிவெடுக்கிறவ. பெரியம்மாவெண்டா சீனி கூட."

இந்த மாதிரிப் படங்களை நான் இருபது வருடமாகத் தொட்டுப் பழகியிருக்கிறேன். வாங்கியவர்கள் வசதியான குடும்பங்கள். தங்கள் சொந்தச் சமையலறையைவிட அமைதியான ஒரு சமையலறை சுவரில் தொங்க வேண்டும் என்று விரும்பியவர்கள். ஓவியர்களும் அதை அறிந்து, பார்க்க வேண்டியதை வெளிச்சத்தில் வைத்தார்கள்: குழந்தையின் கன்னம், தாயின் கழுத்து, வெண்கலப் பாத்திரத்தின் விளிம்பு. கரி வாளியும் ஈரத் துடைப்பமும் பின்வாசலும் இருட்டுக்குள் போயின. நிழல் என்பது வெளிச்சத்தை எடுத்துக் காட்டுவதற்கான பின்னணி என்றுதான் படித்தோம். நீர் முதலில் நிழலைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் ஆட்களிடம் வருவீர்.

தொழிலில் இன்னொரு விஷயம் உண்டு. அதை உமக்கு ஒருநாள் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வெளிச்சத்தைத் தடிப்பாகப் பூசினார்கள், நிழலை மெல்லியதாக. வெள்ளைச் சட்டையின் மடிப்பு விரலில் தட்டுப்படும். மூலை இருட்டோ துணியின் இழை தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சு. சிலர் பழுப்பு நிறத்தை வார்னிஷிலேயே கலந்து, கடைசியாக ஒரு கை பூசி நிழலை ஆழமாக்கினார்கள். எங்களுக்கு அதுதான் ஆபத்து. மேலே மஞ்சளாகிப்போன பழைய வார்னிஷை எந்தத் திரவம் கரைக்குமோ, அதே திரவம் இந்த நிழலையும் கரைக்கும். துடைக்கும் பஞ்சு இரண்டையும் பிரித்தறியாது. கையில் வைத்திருப்பவள்தான் பிரித்தறிய வேண்டும்.

"சீலையும் அப்பிடித்தான். மெல்லிசான இடத்திலைதான் முதல் நூல் விடும்" என்றீர்.

நான்கு வருடத்துக்கு முன் பட்டாணி உரிப்பவள் என் மேசைக்கு வந்தாள். படத்தைச் சுவரிலிருந்து கழற்றும்போது நீர் பக்கத்தில் நின்றீர். "கவனமாத் தோயும். ஆளையும் சேத்துத் தோய்ச்சுப் போடாதையும்" என்றீர். நான் சிரித்தேன்.

அவள் முகம் இரண்டு நாளில் தெளிந்தது. கைகள் வந்தன. பட்டாணிகள் பச்சையாயின. பஞ்சில் வந்தது சாயம் கூடிய தேநீரின் மஞ்சள். வலது கீழ் மூலைக்குப் போனபோது பஞ்சின் நிறம் மாறியது. மஞ்சள் போய், பனங்கட்டியைக் கரைத்தது போன்ற செம்பழுப்பு வந்தது. அதைப் பார்த்தேன். இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை: பார்த்தேன். அந்த இடத்தில் நிறுத்தி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்திருக்க வேண்டும். முதலாம் வருட மாணவிக்கே தெரிந்த ஒழுங்கு. ஆனால் மறுநாள் புகைப்படக்காரர் வருவதாக இருந்தது. வார்னிஷ் கீழ்ப்பக்கம் வழிந்து தடிப்பாகத் தேங்குவது வழக்கம். அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த பஞ்சை எடுத்தேன். நாற்பது நிமிடம். தரை வெளிச்சமாக விரிந்தது. எல்லோரும் வந்து பார்த்து வியந்தார்கள்.

படம் திரும்ப மாட்டப்பட்ட மறுநாள் மூன்று மணிக்கு உம்முடைய செய்தி வந்தது. 'வாரும்' என்று ஒரு சொல். நீர் கூப்பிட்டு மூன்று மணிக்கு நான் மேல்மாடிக்கு வந்தது அன்றுதான் முதன்முறை. லைற் அணைந்திருந்தது. வெயில் சுவரில் ஓடியது. நீர் கதிரையில் இருக்கவில்லை, படத்துக்கு முன்னால் நின்றீர்.

"எங்கை அந்த ஆள்?"

"எந்த ஆள்?"

"பகிடி விடாதையும். வாசல்ல நிண்ட ஆள்."

"அது பழைய வார்னிஷ். அழுக்கு. கீழ்ப்பக்கம் வழிஞ்சு தேங்கி நிக்கும்."

"அழுக்குக்குத் தோள் இருக்குமே?" என்றீர். குரலை உயர்த்தவில்லை. "அழுக்கு இடக்கையைத் தூக்கிக்கொண்டு நிக்குமே?"

ஒரு தம்பதி அறைக்குள் வந்தார்கள். நீர் லைற்றைப் போட்டுவிட்டுக் கதிரையில் போய் இருந்தீர். நான் கீழே இறங்கினேன்.

காட்சியகம் மூடியிருக்கும் நாளில் படத்தை மறுபடி இறக்கி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். தூரிகைத் தடங்களின் பள்ளங்களில் செம்பழுப்பு மிச்சமிருந்தது. அதற்கும் கீழே உள்ள தரை வண்ணத்துக்கும் இடையில் தூசு இல்லை. அதாவது, படம் புதிதாக இருந்தபோதே, அதன் மேல் ஒரு தூசு விழுமுன்பே அந்த நிழல் பூசப்பட்டிருக்கிறது. வரைந்தவரே பூசியது. அன்று பின்னேரம் நான் அறிக்கையை எழுதினேன். 'பழைய வார்னிஷும் அழுக்கும் அகற்றப்பட்டன. மூல வண்ணப்பூச்சுக்குப் பாதிப்பில்லை.' பஞ்சைப் பிடித்தபோது செய்தது பிழை. இரண்டாவது வாக்கியத்தை எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியும். எடுத்த பழைய புகைப்படங்களில் அந்த மூலை வெறும் இருட்டாகத்தான் இருந்தது. யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பதும் தெரியும்.

அதற்குப் பிறகு சில கிழமைகள் நான் பின்படிக்கட்டால் ஏறி இறங்கினேன். கடைசியில் நீர்தான் இரண்டு தேநீரோடு ஸ்டூடியோவுக்கு இறங்கி வந்தீர். முழங்கால் நோவோடு நாற்பத்திரண்டு படி.

"கோவமே?"

"இல்லை."

"அப்ப திரும்பக் கீறிவிடுமன். உமக்குக் கீறத் தெரியுந்தானே."

"நான் எப்பிடிக் கீறுறது? அவர் கீறினது மாதிரி வராது. அது என்ரை நிழலாத்தான் இருக்கும்."

"உம்மட நிழலெண்டாலும் ஒராள் நிப்பார்தானே. பாவம், அவ ஆரையோ பாத்துக்கொண்டு தனிய இருக்கிறா."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு முடியும்போது நான் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. "மேலிடத்திலை சொல்லப் போறீரோ?"

நீர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர். "நான் கதிரையிலை இருக்கிறவ. நான் சொல்லி ஆர் கேக்கப் போயினம்?"

நான் கேட்பேன் என்று சொல்லியிருக்கலாம். நானே சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "தேத்தண்ணி ஆறுது, குடியும்" என்றேன். மனதுக்குள் ஆறுதலாக இருந்தது. கதிரையில் இருப்பவரின் சொல்லுக்கு மதிப்பில்லை என்பது அன்று எனக்கு வசதியாக இருந்தது.

நாங்கள் பிறகும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். உம்முடைய இடியப்பமும் என் சான்ட்விச்சும் பாதிப் பாதியாகின. அந்த ஆளின் செய்திகள் மட்டும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

போன பங்குனியில் வயிற்றுவலி என்றீர். ஆவணியில் நீர் இல்லை. இடையில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மூன்றாம் முறை, அறிக்கை பொய் என்பதைச் சொல்லிவிடுவது என்றே வந்தேன். பஸ்ஸில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டும் வந்தேன். நீர் கண் திறந்து நேரம் கேட்டீர். மூன்றேகால் என்றேன்.

"திரை இறக்கியிருப்பினமோ?"

"இறக்கியிருப்பினம்."

"எனக்குப் பதிலா வந்தவ மூண்டுக்கே இறக்கிப் போடுவா. சட்டம் தெரிஞ்சவ" என்றீர். உதட்டோரத்தில் பழைய குறும்பு. பிறகு கண்ணை மூடினீர். அரை மணி நேரம் இருந்தேன். உம்முடைய மகள் வந்ததும் எழுந்து போனேன். அடுக்கி வைத்த வாக்கியங்கள் அடுக்கியபடியே திரும்பி வந்தன.

உம்முடைய முப்பத்தோராம் நாள் சாப்பாடு எட்மண்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மகள் பந்தியில் பருப்பு வாளியோடு வந்தவள் என்னைக் கண்டு நின்றாள். "அன்ரி, அம்மா உங்களைப் பற்றி நெடுகச் சொல்லுவா. அந்தப் பீஸ் உரிக்கிற பெயின்ரிங் இருக்கெல்லோ? நீங்கள் கிளீன் பண்ணினாப் பிறகுதான் அந்தப் பொம்பிளையின்ரை கை வடிவாத் தெரியுது எண்டு சொன்னவ. ஷீ வாஸ் ஸோ பிரவுட்."

கை தெரிந்தது உண்மை. நகத்துக்குள் இருந்த பச்சைகூடத் தெரிந்தது. பொய்யும் இல்லாமல், என்னைக் காட்டியும் கொடுக்காமல் ஒரு வாக்கியத்தைத் தேடியெடுத்து மகளிடம் கொடுத்திருக்கிறீர். பருப்பை ஊற்றச் சொல்லிவிட்டு இலையைப் பார்த்தபடி இருந்தேன்.

இனி கொப்பிகள். வெள்ளிக்கிழமை கட்டடப் பொறுப்பாளர் ஓர் அட்டைப் பெட்டியோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். அறைக் கொப்பிகள். எத்தனை பேர் வந்தார்கள், எந்த லைற் எரியவில்லை, எங்கே ஒழுகுகிறது என்று காப்பாளர்கள் நாள்தோறும் எழுதுபவை. இனி எல்லாம் கணினியில் என்பதால் பழையவற்றைக் கழிவுத்தாளுக்குப் போடப் போகிறார்களாம். "நான்காம் அறைக் கொப்பிகளில் மட்டும் கீழே உங்கள் மொழியில் ஏதோ எழுதியிருக்கிறது. முக்கியமா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? புதன்கிழமைக்குள் சொன்னால் போதும்" என்றார். அந்தக் கட்டடத்தில் அதை வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்தி.

அன்று பெட்டியில் மேலாக இருந்த, நான்காம் அறையின் தடித்த இரண்டு கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கத்தின் மேல்பாதி ஆங்கிலத்தில், மேலிடத்துக்கு. கீழே தமிழில் ஒரு வரி. தபாற் கந்தோர்ப் பழக்கம் விடவில்லை; எதையும் எழுதுமுன் நேரத்தை எழுதியிருக்கிறீர்.

'3.10. நல்ல வெயில். ஆள் முழுசாத் தெரியிறார். தொப்பி இல்லை.'

'3.20. முகில். ஆள் இல்லை.'

'2.55. இடக்கை கொஞ்சம் தூக்கினபடி. தட்டப் போறாரோ, தட்டிப்போட்டு நிக்கிறாரோ?'

'3.05. ஒரு சின்னப் பிள்ளை தாயிடம் கேட்டது, வாசலிலை நிக்கிறது ஆர் எண்டு. நான் மட்டும் இல்லை.'

கடைசி வரியில் 'நான் மட்டும் இல்லை' என்பதன் கீழே ஒரு கோடு இழுத்திருக்கிறீர். இப்படி மாரிக்கு மாரி. தோள் எந்தக் கல்லில் முடிகிறது, தலை எந்தக் கல்லைத் தொடுகிறது என்றுகூட எண்ணி எழுதியிருக்கிறீர். வெயில் உள்ள நாளில் இருக்கிறார், இல்லாத நாளில் இல்லை. ஓர் ஆய்வுகூடத்தில் இதைவிட ஒழுங்காக யாரும் பதிந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது கொப்பியின் நடுவில் படம் திரும்பி வந்த நாள்.

'3.10. நல்ல வெயில். தரை மட்டும்.'

மறுநாள், 'தரை மட்டும்.' அதற்கு மறுநாளும் அதுவே. பிறகு கீழ்ப்பாதி வெறுமையாக ஓடுகிறது. பதினேழு பக்கம் தள்ளி ஒரு வரி இருக்கிறது.

'3.15. அவ இண்டைக்கு வந்து படத்துக்கு முன்னாலை கனநேரம் நிண்டவ. ஒண்டும் கேக்கேல்லை. நானும் ஒண்டும் சொல்லேல்லை. முகம் சரியில்லை. சாப்பிட்டாவோ தெரியாது.'

அந்த நாள் எனக்கு நினைவில்லை. நீர் லைற்றைப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்திருப்பீர்.

வியாழக்கிழமை எனக்கு நேர்முகம். ஸ்டூடியோவின் பொறுப்பாளர் ஓய்வுபெறுகிறார்; அந்த இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பதினாறு வருடம் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த இடம். செய்தவற்றில் சிறந்த வேலை ஒன்றை விண்ணப்பத்தோடு அனுப்பச் சொன்னார்கள். பட்டாணி உரிப்பவளை அனுப்பியிருக்கிறேன், முன் ஒரு படம், பின் ஒரு படமாக. எல்லோரும் வியந்த வேலை அதுதான். அதை அனுப்பாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்ற பயமும் இருந்தது.

புதன்கிழமைக்குள் 'முக்கியமில்லை' என்று எழுதினால் போதும். கொப்பிகள் போய்விடும். நீர் அந்த ஆளைப் பார்த்ததற்கு வேறு சாட்சி இருக்காது. அந்தச் சின்னப் பிள்ளை இப்போது வளர்ந்திருக்கும், மறந்திருக்கும். எங்கள் தொழிலில் பிழை செய்தவரைப் பொறுப்பார்கள். எல்லோர் கையிலும் ஏதோ ஒரு படம் கெட்டிருக்கிறது. மறைத்தவரைப் பொறுப்பது கடினம். நான் நான்கு வருடம் மறைத்தவள். இப்போது சொன்னால் அந்த இடம் கிடைக்காது. இப்போதிருக்கும் வேலை தங்குமா என்றும் தெரியாது.

உம்மிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று இந்த இரண்டு நாளும் யோசித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. படம் மேசைக்கு வருமுன் அது தொங்கிய அறைக்குப் போய், லைற்றை அணைத்து, அந்த யன்னலின் வெளிச்சத்தில் காலையிலும் பின்னேரமும் பார்த்துவிட்டு வருகிறேன். இருட்டான மூலையில் பஞ்சின் நிறம் மாறினால் கை நின்றுவிடுகிறது. கூட வேலை செய்பவர்கள் என்னைக் கொஞ்சம் மந்தமானவள் என்கிறார்கள். எத்தனை படங்களில் எத்தனை நிழல்கள் அதனால் தப்பின என்று எனக்குத் தெரியாது. ஒன்று தப்பவில்லை என்பது தெரியும்.

நீர் சொன்னபடி அதைத் திரும்பக் கீறலாமா என்றும் யோசித்தேன். கொப்பியில் உள்ள அளவுகளை வைத்து ஓரளவு கீறலாம். கீறமாட்டேன். தரை அப்படியே இருக்கட்டும். பக்கத்துக் குறிப்பில் உண்மை இருந்தால் போதும்.

தேநீரைக் குடித்துவிட்டு, லைற் போடாமலே, யன்னலோரம் மேசையை இழுத்து வைத்து ஒரு திருத்த அறிக்கை எழுதினேன். 'இந்தப் படத்தின் வலது கீழ்ப்பகுதியில், வாசலில் நிற்கும் ஓர் ஆளின் நிழல் இருந்தது. அது ஓவியரே பூசியது. அதை நான் அகற்றினேன். அகற்றியதை அறிந்தும் முந்திய அறிக்கையில் அதை எழுதவில்லை.' நான்கு வாக்கியம். எழுத அரை நாள் ஆனது. நாளை காலை மற்றவர்கள் வருமுன் இதைப் படத்தின் கோப்பில் சேர்த்து, ஒரு பிரதியை நேர்முகக் குழுவுக்கும் அனுப்பப் போகிறேன். கொப்பிகள் எங்கும் போகாது. அவையும் அந்தக் கோப்புக்குள்தான். அறிக்கைப் படிவத்தில் ஆதாரம் யார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. வழக்கமாக அங்கே ஒரு பேராசிரியரின் பெயர் வரும். அங்கே உம்முடைய முழுப் பெயரையும், அதன் கீழே 'காப்பாளர், நான்காம் அறை, எட்டு வருடம்' என்றும் எழுதியிருக்கிறேன். கணவர் ஷிப்ட் முடிந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அவருக்கும் இன்னும் சொல்லவில்லை.